சிசு மரணமும் மாதர் கூட்டங்களும்

ஓரிடத்தில் நற்பலன் தந்த ஏற்பாடு மற்றோரிடத்தில் பலன் தராமற் போவதை ஐக்கிய சங்க அங்கத்தினர்கள் பலரும் கண்டிருப்பார்கள். அச்சமயத்தில் ஏற்பாடே பிசகென்று சொல்லி அதைக் கைவிடுவது எளிது. பிசகு ஏற்பாட்டில் உள்ளதா, அல்லது அதை நடத்திய விதத்தில் உள்ளதா என்று கணக்கெடுத்துப் பார்ப்பவர் சிலரே. அவ்வாறு பார்ப்பதற்கு நடைமுறை ஆராய்ச்சி என்று பெயர். அது பச்சைக் குழந்தைகளின் உயிரைக் காப்பதற்கு எங்ஙனம் உதவிற்று என்பதை நேபாளம், ஜார்க்கண்ட், ஒடிசா, வங்காள தேசம் ஆகிய இடங்களில் நடந்த வேலையைக் கொண்டு இங்கு விவரிப்போம்.

நேபாளத்தில் மக்வான்பூர் என்பது மலைப்பாங்கானதொரு ஜில்லா. இவ்வேலை நடந்த காலத்தில் அங்கே பிரசவங்களிற் பெரும்பாலானவை வீட்டிலேயே நடந்து வந்தன. 2001-ம் வருஷம் முதல் 2003-ம் வருஷம் வரையில், அந்த ஜில்லாவின் 24 கிராம அபிவிருத்திக் கமிட்டிகளை 12 ஜோடிகளாக்கி, ஜோடிக்கு ஒன்றைத் திருவுளச்சீட்டுப் போலப் பாரபட்சமின்றிப் பொறுக்கி, அவற்றில் மட்டும் மாதர் கூட்டங்களை நடத்தினார்கள். சுகாதார நிலையங்களுக்குச் சாமான்களும் பயிற்சியும் இரு திறத்தாருக்கும் கிடைத்தன. ஆதலின் வித்தியாசம் கூட்டங்களில் மட்டுமே இருந்தது. கூட்டத்தை நடத்தியவள் டாக்டருமல்ல, நர்ஸுமல்ல, அப்பக்கத்துப் பெண்ணொருத்தியே. மாதம் ஒருமுறை கூடி, பிரசவ காலத்திலும் அதன் பின்னரும் தாய்க்கும் சேய்க்கும் நேரும் ஆபத்துக்கள் எவையென்று பேசி, அவற்றுள் முக்கியமானவற்றைப் பொறுக்கி, தங்களால் ஆகக்கூடிய பரிகாரத்தைத் தாங்களே தீர்மானித்தார்கள். சில கூட்டத்தார் நிதி திரட்டினார்கள். சிலர் கர்ப்பிணியைத் தூக்கிச் செல்ல டோலி ஏற்பாடு செய்தார்கள். வேறு சிலர் சுத்தப் பிரசவப் பொட்டணங்கள் தயாரித்து வழங்கினார்கள். சவுக்காரம், புதிய பிளேடு, நூல், விரிப்பதற்கு பிளாஸ்டிக் தாள் ஆகியவை இத்தகைய பொட்டணத்தில் இருக்கும். தொப்புட்கொடியை நாணயத்தின்மீது வைத்து அறுப்பது அந்நாட்டு வழக்கமாகையால், நேபாளப் பொட்டணத்தில் வட்டமான பிளாஸ்டிக் வில்லையொன்றையும் சேர்த்திருந்தார்கள். வழக்கத்தை இகழாமல் அதிலுள்ள அழுக்கை மட்டும் நீக்கிய யுக்தி இது.

இதன் முடிவு 2004-ல் வெளியாயிற்று. கூட்டமில்லாத கிராமங்களில் உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளில் 36.9 வீதம் 28 நாட்களுக்குள் இறந்தன. கூட்டமுள்ள கிராமங்களில் இது 26.2. தாய்மாரில் முன்னவற்றில் 11 பேரும் பின்னவற்றில் 2 பேரும் இறந்தார்கள். தொகை சிறிதாகையால் தாய்மாரைப் பற்றிய கணக்கை மாத்திரம் நம்பி எதையும் முடிவு கட்டலாகாது.

பின்னர் 2005 முதல் 2008 வரை ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ஆதிவாசிகள் மிகுந்த மூன்று ஜில்லாக்களில் இதே முறை கையாளப்பட்டது. ஏறக்குறைய 468 ஜனங்களுக்கு ஒரு கூட்டம். எழுத்தறியாதவர்க்காகப் படச் சீட்டுக்களும் கதைகளும் விளையாட்டுக்களும் உபயோகிக்கப்பட்டன. புதிதாகக் கருவுற்ற பெண்களில் முதல் வருஷம் நூற்றுக்கு 18 பேரே கூட்டத்துக்கு வந்தார்கள். மூன்றாம் வருஷம் 55 பேர் வந்தார்கள். கடைசி இரண்டு வருஷங்களில் சிசு மரணம் நூற்றுக்கு 45 வீதம் குறைந்து காணப்பட்டது. இதில் வியப்பென்னவெனில், வைத்திய உதவி தேடிப் போவோர் தொகை சொல்லத்தக்க அளவு உயரவில்லை. பிரசவம் பார்ப்பவர் கை கழுவுவது போன்ற வீட்டுப் பழக்கங்களே திருந்தின.

ஆனால் அதே வருஷங்களையொட்டி வங்காள தேசத்தில் பொக்ரா, பரீத்பூர், மௌல்விபஜார் ஜில்லாக்களில் நடத்திய கூட்டங்களால் சிசு மரணம் குறையவில்லை. 2010-ல் வெளியான இம்முடிவைக் கண்டவர்கள், நேபாளத்து முறை சமவெளிக்கு ஒவ்வாதென்று சொல்லி ஒதுங்கியிருக்கலாம். அவர்கள் அங்ஙனம் செய்யாமல், கூட்டமொன்றுக்கு எத்தனை ஜனங்கள் என்று பார்த்தார்கள். 1,414 பேருக்கு ஒரு கூட்டம்! நேபாளத்திலோ சுமார் 756 பேருக்கு ஒன்று. கூட்டங்கள் தவறாமல் நடந்தும், பிரசவிக்க வேண்டிய பெண்களில் மிகச் சிலரே அவற்றில் இருந்தார்கள். நமது சங்கங்களிலும் மினிட் புஸ்தகத்தில் தேதியும் கையெழுத்துக்களும் ஒழுங்காயிருந்தால் தணிக்கை செய்பவர் திருப்தியடைந்து விடுகிறார். நானும் அப்படித் திருப்தியடைந்து திரும்பியதுண்டு. வந்தவர் யாரென்று அப்புஸ்தகம் சொல்லும். வரவேண்டியவர் ஊரில் எத்தனை பேரென்று அது சொல்லாது.

2009-ல் அதே ஜில்லாக்களில், முன்னிருந்த 162 கூட்டங்களோடு 648 புதிய கூட்டங்கள் சேர்க்கப்பட்டு மொத்தம் 810 ஆயின. இப்போது 309 பேருக்கு ஒரு கூட்டம். கர்ப்பிணிகளைத் தேடிச் சென்று அழைப்பதிலும் கவனம் செலுத்தினார்கள். செலவும் அதற்கேற்பக் கூடிற்று. ஆனால் பேசிய விஷயமும் பேசிய முறையும் அடிப்படையில் பழையனவே. 2011-ம் வருஷ மத்தி வரை எடுத்த கணக்கில் சிசு மரணம் நூற்றுக்கு 38 வீதம் குறைந்திருந்தது. 2013-ல் இவ்வகைப் பரிசோதனைகள் ஏழையும் ஒருங்கே ஆராய்ந்தபோது, கர்ப்பிணிகளில் பத்துக்கு மூவராவது கலந்துகொண்ட இடங்களில் சிசு மரணம் மூன்றிலொரு பங்கு குறைந்ததென்று தெரிய வந்தது. மறுவருஷம் உலக சுகாதார ஸ்தாபனம், வைத்திய வசதி குறைந்த கிராமப் பகுதிகளுக்கு இம்முறையைச் சிபார்சு செய்தது; வேலையோடு கூடவே கணக்கும் எடுத்து வரவேண்டுமென்றும் சொல்லிற்று.

இனி எஞ்சியிருந்த சந்தேகம், இதற்கென்றே நியமித்த ஆட்களன்றிச் சர்க்கார் திட்டத்தில் ஏற்கெனவே பல வேலைகளைச் சுமக்கும் ஆஷா ஊழியர்களால் இது நடைபெறுமா என்பது. அதையும் ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலுமே பரிசோதித்தார்கள். கூட்டத்துக்கென ஊக்கத்தொகை கொடுத்து, மேற்பார்வையும் வைத்தார்கள். 2016-ல் வெளியான கணக்குப்படி, அக்கிராமங்களில் சிசு மரணம் நூற்றுக்கு 31 வீதம் குறைந்தது.