பழவேற்காடு டச்சுக் கல்லறைத் தோட்டம்
17ஆம் நூற்றாண்டு

நுழைவாயிலின் இருபுறமும் நிற்கும் கல் எலும்புக்கூடுகளைப் பார்த்துத் திகைக்காதவர் குறைவு. எவர்க்கும் சாவு உண்டு என்று நினைவூட்டவே அந்நாளைய ஐரோப்பியர் இப்படிச் செதுக்கினர். உள்ளே இருப்பவை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகள், வணிகர்கள், அவர்களது குடும்பத்தார் ஆகியோரின் கல்லறைகள். பலகைக் கற்களில் டச்சு எழுத்துகளும் குலச் சின்னங்களும் ஆழமாக வெட்டப்பட்டுள்ளன. குனிந்து பார்த்தால் ஓரத்துப் பூவேலையும் தெரியும்.

இவர்கள் வாழ்ந்த கெல்டிரியா கோட்டை 1613இல் எழுந்தது. சோழமண்டலக் கரையில் டச்சு வணிகத்தின் தலைமையிடமாக விளங்கியது. இன்று புதர் மண்டிய மேடும் அகழியின் தடமுமே மிச்சம். கல்லறைகள் பிழைத்தன, கோட்டைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மேற்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் ஆலைகள், தெற்கே காட்டுப்பள்ளியில் துறைமுகம் என வட்டாரம் வேகமாக மாறுகிறது. இந்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இத்தோட்டத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டடத்துக்குத் தடை உண்டு. அதற்கப்பால் 200 மீட்டர் வரை தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் பரிந்துரை பெற்றே கட்டலாம். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தம் இதை உறுதியாக்கியது.

அக்கம்பக்கத்தில் குடியிருப்போருக்கு இது சுமைதான். ஆகவே 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீடுகளைப் பழுதுபார்க்கச் சட்டம் வழிவிடுகிறது. அதற்கும் முன் அனுமதி தேவை.

கல்லறைகள் மீது ஏறவோ உட்காரவோ வேண்டாம்.