ஆலிவும் லாவெண்டரும் நம் தோட்டத்தில் வருமா?

நாற்றுப்பண்ணைகளில் ஆலிவ், லாவெண்டர், ரோஸ்மேரி கன்றுகள் விற்பனைக்கு வருகின்றன. 'வறட்சியைத் தாங்கும், தண்ணீர் அதிகம் வேண்டாம்' என்று சொல்லி விற்பதால், கிணற்றில் நீர் குறைந்தவர்களும் வாங்கி நடலாமா என்று கேட்கிறார்கள். இவை வறட்சியைத் தாங்குபவை என்பது உண்மை. ஆனால் எந்த ஊர் வறட்சியை, எந்த மாதத்து வறட்சியை என்று தெரிந்துகொண்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

குளிரில் மழை, கோடையில் ஓய்வு

இச்செடிகளின் தாயகம் மத்திய தரைக்கடலைச் சுற்றியுள்ள நாடுகள். அதே தட்பவெப்பம் கலிபோர்னியா, சிலி நாட்டின் நடுப்பகுதி, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மற்றும் தெற்குப் பகுதிகளிலும் உண்டு. பூமியின் நிலப்பரப்பில் இந்த ஐந்து பகுதிகளும் சேர்ந்து சுமார் 2 சதவீதமே. ஆனால் தாவர இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இங்கே உள்ளது.

இப்பகுதிகளில் மழை பெய்வது குளிர்காலத்தில். கோடை முழுவதும் மழை மிக அரிது. எனவே செடிகள் குளிர்ந்த ஈர மண்ணில் வேர்விட்டு, வசந்தத்தில் பூத்து, கோடையில் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு ஓய்வெடுக்கின்றன. லாவெண்டர், ரோஸ்மேரியின் குறுகிய இலையும், இலையடியில் உள்ள மெல்லிய ரோமமும் நீராவிப்போக்கைக் குறைப்பதற்காக அமைந்தவை.

பெர்த் நகரின் வீட்டுத்தோட்டம்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஆண்டு மழை சுமார் 730 மி.மீ. இதில் பெரும்பகுதி மே முதல் ஆகஸ்ட் வரை, அவர்களுடைய குளிர்காலத்தில், பெய்துவிடும். கோடையான டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்றும் சேர்ந்து சராசரியாக 50 மி.மீ.கூடக் கிடைக்காது. 2006 முதல் கடல்நீரைக் குடிநீராக்கியும் பயன்படுத்துகிறார்கள். குழாய் நீர் பயன்படுத்தும் வீடுகளில் வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே தெளிப்பான் போடலாம். ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தெளிப்பானையே நிறுத்திவிட வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டுக்குள் தோட்டம் வைக்க அவர்கள் கையாளும் முறைகள் எளியவை.

முதலாவது, நடும் காலம். கோடை முடிந்து மழை தொடங்கும்போதே நடுகிறார்கள். குளிர்கால மழை முழுவதும் வேர் ஆழமாக இறங்கும். வசந்தத்தின் முடிவில் நட்ட கன்றுக்கு இந்த வாய்ப்பு இல்லை.

இரண்டாவது, தண்ணீர்த் தேவைப்படி செடிகளைப் பிரித்து நடுவது. கீரைப் பாத்தியை வீட்டருகிலும், நீர் குறைவாகக் கேட்கும் புதர்களைத் தள்ளியும் வைத்தால் ஒரே குழாயில் எல்லாவற்றுக்கும் நீர் போகாது. இதற்கு உதவியாகக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் 3,500க்கும் மேற்பட்ட செடிகளை நீர்த் தேவைப்படி நான்கு வகையாகப் பிரித்துப் பட்டியல் தந்துள்ளது.

மூன்றாவது, மண். பெர்த்தின் மணல் நீரையும் உரத்தையும் பிடித்து வைக்காது. காய்ந்துவிட்டால் நீரை உள்ளே விடாமல் மேலேயே ஓட விடும். எனவே மட்கு உரமும் களிமண்ணும் கலந்து, மேலே 5 முதல் 10 செ.மீ. கனத்துக்கு மரச்சிராய் மூடாக்கு இடுகிறார்கள். மூடாக்கு தண்டைத் தொடக்கூடாது. தொட்டால் தண்டு அழுகும்.

நான்காவது, உரம். பெர்த்தின் சொந்தச் செடியான பேங்க்சியா, சத்துக் குறைந்த மணலிலும் மணிச்சத்தை உறிஞ்சும் சிறப்பு வேர் கொண்டது. அதற்குச் சூப்பர் பாஸ்பேட் இட்டால் மணிச்சத்து மிகுந்து செடி கருகும். நல்ல உரமும் செடி மாறினால் கெடுதலாகும்.

ஐந்தாவது, பரவும் செடியைத் தவிர்ப்பது. கேப்டவுனில் 2018 வறட்சியின்போது ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தார்கள். அந்நகரின் அணைகளுக்கு நீர் தரும் மலைகளில் வெளியூர் பைன், யூகலிப்டஸ், வாட்டில் மரங்கள் பரவி, அணைக்கு வர வேண்டிய நீரைக் குடிப்பதால் அவற்றை வெட்டி அகற்றுகிறார்கள். சீமைக்கருவேலுடன் போராடும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் நிலத்தில் என்ன ஆகும்?

ஆலிவ் மரம் சமவெளியில் இலை விட்டு வளரக்கூடும். ஆனால் பூ எடுக்கக் குளிர்காலத்தில் பல வாரக் குளிர் தேவை. அது மதுரையிலும் திருச்சியிலும் கிடைக்காது. ராஜஸ்தானில் 2007ல் இஸ்ரேல் நாட்டுத் தொழில்நுட்ப உதவியுடன் ஆலிவ் சாகுபடியைத் தொடங்கினார்கள் என்றால், அங்கே குளிர்கால இரவுகளில் வெப்பம் நன்கு இறங்கும். அதைப் பார்த்து நாம் ஏக்கர் கணக்கில் நட்டால், மரம் நிற்கும், காய் இராது.

லாவெண்டருக்குச் சிக்கல் வேறு. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வேரழுகல் வரும். நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை வெதுவெதுப்பான மண்ணில் இறங்குகிறது. களிமண்ணில் நீர் தேங்கினால் செடி போய்விடும். ஆசைக்கு ஒரு செடி வேண்டுமானால், பாதி மணல் கலந்த தொட்டியில், மழைச்சாரல் படாத இடத்தில் வைக்கலாம். ரோஸ்மேரியும் சமவெளியில் தொட்டிச் செடிதான். நீலகிரியில் அது வணிகப் பயிராகவே வருகிறது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஊட்டி (ஆர்.எம்.) 1 என்ற ரகத்தை வெளியிட்டுள்ளது.

அங்கும் இங்கும் பொதுவாக நன்றாக வரும் பயிர்களும் உண்டு. மாதுளை, அத்தி, திராட்சை மூன்றும் மத்திய தரைக்கடல் தோட்டங்களின் பழைய பயிர்கள். தமிழகத்திலும் ஏற்ற இடங்களில் இவை காய்க்கின்றன. கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சையே சாட்சி. கோடையில் ஓய்வெடுக்கும் மரம் வேண்டுமா? சீத்தா வறண்ட மாதங்களில் இலை உதிர்த்து நின்று, மழை கண்டதும் துளிர்க்கும். முருங்கை, நெல்லி, கறிவேப்பிலையையும் வேர் பிடித்தபின் குறைந்த நீரில் காப்பாற்றலாம்.

செடியை விட முறையை எடுத்துக்கொள்ளுங்கள்

பெர்த் தோட்டக்காரர் குளிர்கால மழைக்கு முன் நடுவதுபோல, வடகிழக்குப் பருவமழையை நம்பும் மாவட்டங்களில் புரட்டாசிக் கடைசியில் நடுங்கள். குழியைச் சித்திரை, வைகாசியிலேயே எடுத்து ஆறவிடுங்கள். மணல் நிலமானால் ஏரி வண்டலும் தொழுவுரமும் கலந்து இடுங்கள். தை பிறந்ததும் வைக்கோல், கரும்புத் தோகை, காய்ந்த இலை எதுவானாலும் மூடாக்குப் போடுங்கள். முதல் இரண்டு கோடையில் தினமும் சிறிது தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு ஆழமாக நனையும்படி ஊற்றுங்கள். மேலாக நனைத்தால் வேர் மேலேயே நிற்கும்; வெயிலில் அதுதான் முதலில் காயும்.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் புதிய செடி எதையும் பரிந்துரைக்கும் முன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். அதன் ஊரில் மழை எந்த மாதம்? பூக்க எவ்வளவு குளிர் வேண்டும்? வேர் ஈரத்தைத் தாங்குமா? விதை தானாகப் பரவுமா? இந்த நான்குக்கும் விடை சொல்ல முடியாத விற்பனையாளரிடம் நூறு கன்று வாங்க வேண்டாம். இரண்டு கன்று வாங்கி, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் உங்கள் மண்ணில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யுங்கள்.