சுழல் இயந்திரமும் அதன் நலந்தேர்தலும்

எருது கொள்ளச் செல்லும் உழவர் அதன் பல்லைப் பிடித்து நோக்குவர், சுழி பார்ப்பர், சிறிது தூரம் நடக்கவிட்டு நடையையும் ஆராய்வர். விற்பவன் சொல்லை மாத்திரம் நம்பிக் கயிற்றைக் கையில் வாங்குவார் அரியர். மோட்டார்க்கார் கொள்வோரிடத்தோ அத்துணை ஆராய்ச்சி பெரும்பாலும் காணப்படுவதில்லை. மேனியின் ஒளியும் ஓட்டத்தின் ஒலியும் மனத்தைக் கவர, இயந்திரத்தின் உள்நிலை அறியப்படாமலே விலை பேசி முடிக்கப்படுகின்றது. சாதாரணக் காராயின் இப்பிழை சிறு செலவோடு தீர்தலும் கூடும். சுழல் இயந்திரம் பூட்டிய பந்தய வகைக் காராயின், பல்லாண்டுச் சேமிப்பு முழுவதையும் அஃது விழுங்கிவிடும். ஆதலின் அத்தகைய காரைக் கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கொள்ள விழைவோர் அறியற்பாலன சில ஈண்டுக் கூறப்படுகின்றன.

சுழல் இயந்திரத்தை வகுத்தவர் ஜேர்மனியரான பெலிக்ஸ் வங்கெல் (1902-1988) என்பவர். என்.எஸ்.யூ. நிறுவனத்தில் அவரது இயந்திரம் 1957 ஆம் ஆண்டு முதன்முதலாக இயங்கியது. 1964 இல் அந்நிறுவனமே அதனைக் காரிற் பூட்டி விற்பனைக்கு விட்டது. யப்பானில் ஹிரோஷிமா நகரத்து மஸ்டா நிறுவனத்தார், கெனிச்சி யமமொத்தோ தலைமையில் அதன் குறைகளைக் களைய உழைத்து, 1967 இல் கொஸ்மோ ஸ்போர்ட் என்னும் காரை வெளியிட்டனர். 1978 இல் ஆர்.எக்ஸ். 7 தோன்றியது. 1991 இல் பிரான்சு நாட்டு லெ மான் நகரின் இருபத்து நான்கு மணிநேரப் பந்தயத்தில் மஸ்டாவின் சுழல் இயந்திரக் கார் முதலிடம் பெற்றது. 2003 முதல் 2012 வரை ஆர்.எக்ஸ். 8 உற்பத்தி செய்யப்பட்டது. பழைய காராக ஒருவர் கைக்கு எட்டக்கூடியது பெரும்பாலும் இப்பிந்தியதே. உற்பத்தி 2012 இல் நின்றமையால், விலைக்கு வரும் ஒவ்வொன்றும் பத்தாண்டைக் கடந்தது என்பது முதலில் நினைவிற் கொள்ளத்தக்கது.

சாதாரண இயந்திரத்திற் பிஸ்டன் மேலுங் கீழும் அசைய, அவ்வசைவு பின்னர்ச் சுழற்சியாக மாற்றப்படுகின்றது. வங்கெல் இயந்திரத்திற் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. இடையொடுங்கிய நீள்வட்ட வடிவான அறையினுள்ளே, பக்கங்கள் சற்றே புடைத்த முக்கோணச் சுழலி ஒன்று சுற்றுகின்றது. சுழலியின் மூன்று முகங்களும் மூன்று அறைகளைத் தோற்றுவிக்கின்றன. காற்றையும் பெற்றோலையும் உள்ளிழுத்தல், அமுக்குதல், எரித்தல், புகையை வெளியேற்றுதல் என்னும் நான்கு தொழில்களும் ஒவ்வோர் அறையிலும் முறையே நிகழும். சுழலி ஒருமுறை சுற்றுவதற்குள் தண்டு மும்முறை சுற்றிவிடும். ஆர்.எக்ஸ். 8 காரில் இத்தகைய சுழலிகள் இரண்டு. ஆகவே ஆராயவேண்டிய அறைகள் ஆறு.

முக்கோணத்தின் மூன்று நுனிகளிலும் மெல்லிய உலோகப் பட்டைகள் பொருத்தப்பட்டுள்ளன. மெக்கானிக்குகள் இவற்றை "ஏப்பெக்ஸ் சீல்" என வழங்குவர். ஓரறையின் அமுக்கம் மற்றோர் அறைக்குக் கசியாது காப்பன இவையே. இவை அறைச்சுவரோடு இடைவிடாது உராய்வதால், இயந்திர எண்ணெயிற் சிறிதளவை அறையினுள்ளே செலுத்த ஒரு பம்பு அமைக்கப்பட்டுள்ளது. ஆகவே இவ்வியந்திரம் எண்ணெய் குடித்தல் நோயன்று, இயல்பு. எண்ணெய்மட்டத்தை அடிக்கடி பார்த்து நிரப்பாத உரிமையாளரிடம் இருந்த கார் பழுதுற்றிருத்தல் கூடும். பட்டை தேயினும் உடையினும் அமுக்கம் குறையும். அதன்பின் இயந்திரத்தை முற்றக் கழற்றிப் புதுப்பித்தலன்றி வேறு மருந்தில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையான ஆர்.எக்ஸ். 8 கார்களின் இயந்திரத்துக்குரிய உத்தரவாதத்தை மஸ்டா நிறுவனமே 8 ஆண்டு அல்லது 100,000 மைல் என நீட்டிக் கொடுத்தமை, இக்குறை பரவலாக இருந்தமைக்குச் சான்றாகும்.

இனி, சோதனை முறைகள் நோக்கற்பாலன. முதலாவது, இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே சென்று பார்த்தல். விற்பவர் முன்னரே இயக்கிச் சூடாக்கி வைத்திருப்பின் வேறொரு நாள் செல்வது நன்று. கண்டி நகரம் மேடும் பள்ளமுமானது. சரிவில் நிறுத்திய காரை உருளவிட்டுக் கியரிற் போட்டு இயக்கினால், ஸ்டார்ட்டர் மோட்டரின் உழைப்பும் இயந்திரத்தின் தளர்ச்சியும் மறைந்துவிடும். ஆகையாற் சமநிலத்தில் நிறுத்திச் சாவியாலேயே இயக்கச் செய்தல் வேண்டும். தொடக்கத்தில் வெண்புகை எழுந்து நீங்காதிருப்பினும், ரேடியேற்றர் நீரிற் குமிழிகள் தொடர்ந்து தோன்றினும், நீர்மட்டம் காரணமின்றிக் குறையினும், உள்ளிருக்கும் நீரடைப்பு வளையங்கள் கெட்டன என ஐயுறலாம்.

இரண்டாவது, சூடேறிய பின் மீள இயக்கிப் பார்த்தல். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் இயந்திரத்தின் வலிமையும் குளிரூட்டும் திறனும் ஒருங்கே விளங்கும். ஆயின் ஆர்.எக்ஸ். 8 காரின் வெப்பமுள், சூடு மிகுதியும் ஏறும்வரை நடுவிலேயே நிற்குமாறு அமைக்கப்பட்டது. அதனை மட்டும் நம்புதல் தகாது. காரின் கணினியோடு இணைக்கும் சிறு கருவியால் நீரின் உண்மை வெப்பநிலையை வாசித்தல் நலம். ஏற்றம் முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மீண்டும் இயக்குக. குளிரில் எளிதாக இயங்கிய கார் சூட்டில் நெடுநேரம் சுற்றியும் இயங்க மறுப்பின், அமுக்கக்குறைவு அங்கே உண்டெனக் கருதலாம்.

மூன்றாவதும் தலையாயதும் அமுக்கத்தை அளத்தல். ஈண்டுப் பலர் ஏமாறுவர். பிஸ்டன் இயந்திரத்துக்குரிய மானி, தன்னுட் புகுந்த மிகவுயர்ந்த அமுக்கத்தையே பிடித்து வைத்துக் காட்டும். எடுத்துக்காட்டாக, ஒரு சுழலியின் மூன்று முகங்களும் முறையே 760, 750, 520 கிலோபாஸ்கல் காட்டுவனவாயின், அம்மானி 760 என்று மாத்திரம் கூறும். நோயுற்ற மூன்றாம் முகம் மறைந்துவிடும். எனவே மூன்று முகங்களையும் தனித்தனியே பதியும் சுழல் இயந்திரக் கருவியே வேண்டும். இயந்திரம் சூடாயிருத்தல், பற்றரி நிறைந்திருத்தல், பெற்றோலும் பொறியும் நிறுத்தப்பட்டிருத்தல், காற்றுவழி முழுதும் திறந்திருத்தல் ஆகியன அளவைக்கு இன்றியமையாதன. நிமிடத்துக்கு 250 சுற்று என்னும் வேகத்தில் ஆர்.எக்ஸ். 8 இயந்திரத்துக்குரிய நல்லளவு 830 கிலோபாஸ்கல், கீழெல்லை 680. ஒரே சுழலியின் முகங்களுக்கிடையே 150க்கு மேலும், இரு சுழலிகளுக்கிடையே 100க்கு மேலும் வேறுபாடு இருத்தலாகாது. வேகம் கூடின் அளவும் கூடும். ஆதலாற் சுற்றுவேகத்தையும் உடன் குறித்துக்கொள்ளல் வேண்டும். அளப்பதற்குச் சற்று முன் அறையினுள் எண்ணெய் ஊற்றினும் அளவு பொய்யாக உயரும். ஆகவே இருபது நிமிடம் ஓட்டியபின் உடனே, கொள்வோர் கண்முன்னே அளப்பதே முறை.

கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. இங்கு வளியமுக்கம் கொழும்பைக் காட்டிலும் நூற்றுக்கு ஆறளவு குறைவு. ஆதலின் கொழும்பில் 680 காட்டும் இயந்திரம் கண்டியில் ஏறத்தாழ 640 காட்டும். ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் அளவு ஐந்தில் ஒரு பங்கு குறையும். இஃது அறியாதார் நல்ல இயந்திரத்தையும் தள்ளிவிடுவர். இதனையே சாட்டாகக் கொண்டு, "மலைநாட்டில் இப்படித்தான்" என்று 550 காட்டும் இயந்திரத்தை விற்பாரும் உளராகலாம். உயரம் ஆறு முகங்களையும் ஒருங்கே குறைக்குமேயன்றி, ஒன்றை மாத்திரம் குறைக்காது. எனவே முகங்களுக்கிடையே உள்ள பெருவேறுபாட்டுக்கு மலை காரணமாதல் இல்லை.

இவற்றோடு ஏடுகளையும் ஆராய்தல் கடன். இயந்திர இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவுச் சான்றிதழோடு ஒத்திருத்தல் வேண்டும். முந்திய ஆண்டுகளின் புகைப் பரிசோதனை அறிக்கைகளைக் கேட்டு, எரியாத ஐதரோகாபன் ஆண்டுதோறும் ஏறிவருகின்றதா என ஒப்பிடலாம். இவ்வகை இயந்திரத்தில் அவ்வளவு இயல்பாகவே மிகுதியாதலின், தனியளவிலும் அதன் போக்கே பொருளுடையது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. அவ்விடைக்காலத்திற் பழைய கார்கள் விலையேறிக் கைமாறின. ஆகவே கேட்கும் விலையை இயந்திர நலத்தின் அளவாகக் கொள்ளல் கூடாது.

முதன்முதல் உழைத்துச் சேர்த்த பொருளை இத்தகைய காரில் இடுவோர் பலரும் இளைஞரே. அவர்தம் ஆசை குற்றமன்று. வங்கெலின் நுண்ணறிவையும் யப்பானியர் உழைப்பையும் தாங்கிய இயந்திரம் ஆசைப்படத்தக்கதே. ஆயினும் ஆறு முகங்களின் அளவையும் தாளில் எழுதிப் பெறாமல் முற்பணம் கொடுத்தல் தகாது. அளக்க இசையாத விற்பனையாளரிடம் வாதிடாது திரும்பிவருதலும் கொள்வோர் உரிமையே. அளந்து நல்லதெனக் கண்டு கொண்டபின், எண்ணெய்மட்டம் பார்த்தலையும் குளிர்ந்த இயந்திரத்தைச் சிறிது நேரம் இயக்கி உடனே நிறுத்தாமையையும் வழக்கமாகக் கொண்டால், அவ்வியந்திரம் நெடுநாள் உழைக்கும்.