மந்திரவாதி பக்கத்தில் வந்தால் கம்ப்யூட்டர் ஏன் படுத்துவிடுகிறது?

கம்ப்யூட்டர் காரணமே இல்லாமல் ரீஸ்டார்ட் ஆனால் என்ன செய்வோம்? ராமைக் கழற்றித் துடைத்து மாட்டுவோம். வைரஸ் ஸ்கேன் ஓட்டுவோம். எதுவும் சரிப்படாவிட்டால் விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்வோம். சிகாகோ நகரத்து ஹாரி டிரெஸ்டனுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அவர் கம்ப்யூட்டர் பக்கமே போவதில்லை. போனால் அது புகைந்துவிடும். காரணம், அவர் ஒரு மந்திரவாதி!

அமெரிக்க எழுத்தாளர் ஜிம் புட்சரின் 'தி டிரெஸ்டன் ஃபைல்ஸ்' நாவல் வரிசையின் நாயகன்தான் இந்த ஹாரி. முதல் நாவலான 'ஸ்டார்ம் ஃப்ரன்ட்' 2000-ல் வந்தது. 2020-ல் மட்டும் இரண்டு நாவல்கள் வெளியாயின. இன்றைய நகரத்துக்குள்ளேயே ரத்தக்காட்டேரிகளும் பேய்களும் உலவும் இந்த வகைக் கதைகளுக்கு அர்பன் ஃபேன்டஸி என்று பெயர். இதன் ரசிகர்கள் கதையைப் படித்துவிட்டு மூடி வைப்பவர்கள் அல்ல. நம் ஆபீஸில் ஸ்பெசிஃபிகேஷனை வரி வரியாகப் பிரித்து மேய்வோமே, அதுபோல அந்த உலகத்தின் விதிகளை மேய்கிறார்கள்.

முதல் சண்டை எலெக்ட்ரானிக்ஸ் பற்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த சாதனங்கள் மந்திரவாதிகளின் அருகில் கெட்டுப்போகும் என்பது ஹாரி சொல்லும் கணக்கு. அதனால்தான் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார், மெழுகுவர்த்தி, ரிவால்வர் என்று வாழ்கிறார். ஆட்டோமேட்டிக் துப்பாக்கி சிக்கிக்கொள்ளுமாம். இங்கேதான் ரசிகர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். கோல்ட் ஆட்டோமேட்டிக் பிஸ்டலை அமெரிக்க ராணுவம் ஏற்றது 1911-ல்! அப்படியானால் வருடம் காரணமில்லை, பாகங்களின் சிக்கல்தான் காரணம் என்கிறது ஒரு கட்சி. சாதாரண குண்டு பல்புகூட அவரிடம் வெடிக்கிறதே, அதில் என்ன சிக்கல் என்கிறது எதிர்க்கட்சி.

என் துறைக்காரர்களுக்கு இதில் ருசி அதிகம். மெமரி செல்லில் தங்கும் மின்னூட்டம் மிகவும் சிறியது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்களால் உருவாகும் ஒரு துகள் பட்டால்கூட 0 என்பது 1 ஆகிவிடலாம். சர்வர்களில் பிழை திருத்தும் மெமரி போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மந்திரமும் அப்படிப்பட்ட கதிர் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாக வருகிறது, ஒன்றைத் தவிர. முந்தைய நூற்றாண்டுகளில் மந்திரவாதிகள் அருகில் பால் கெட்டுப்போகும், நெருப்பு நிறம் மாறும் என்றும் நாவல்களில் வருகிறது. பாலில் ஏது டிரான்சிஸ்டர்? காலத்துக்குக் காலம் மாறுகிற ஒன்றை இயற்பியலால் விளக்க முடியாது, மந்திரவாதியின் நம்பிக்கைதான் காரணம் என்று வாதிடுபவர்களுக்கு இது பெரிய சாட்சி.

அடுத்தது இதைவிடச் சூடான சண்டை. (இனி கதை முடிச்சுகள் வரும். படிக்க நினைப்பவர்கள் உஷார்!) ஒயிட் கவுன்சில் என்ற மந்திரவாதிகள் சபைக்கு ஏழு சட்டங்கள் உண்டு. மந்திரத்தால் கொல்லாதே, பிறர் உருவத்தை மாற்றாதே, பிறர் மனதுக்குள் நுழையாதே, அடிமைப்படுத்தாதே, செத்தவரை எழுப்பாதே, காலத்தில் பின்னோக்கிப் போகாதே, உலகின் வெளிவாசலைத் திறக்காதே. மீறினால் தலை போகும். தலையை எடுப்பவர்கள் வார்டன்கள். ஹாஸ்டல் வார்டன் அல்ல, வாளோடு வருபவர்கள்.

கேள்வி இதுதான்: இவை புவியீர்ப்பு போன்ற விதிகளா, டிராஃபிக் சட்டம் போன்றவையா? மந்திரத்தால் கொல்பவனின் மனமே கெட்டுப்போகும், ஏனென்றால் முழுமனதாக நம்பாமல் மந்திரம் பலிக்காது என்கிறது ஒரு தரப்பு. அப்படியானால் வாளால் தலையை வெட்டும் வார்டனின் மனம் கெடாதா? சட்டத்தை மீற ஒருவருக்கு மட்டும் கவுன்சிலே ரகசிய அனுமதி தருகிறதே, அவர் கதி என்ன? 'கிரேவ் பெரில்' நாவலில் ஹாரி காட்டேரிகளின் மாளிகைக்கு மந்திரத்தால் தீ வைக்கிறார். உள்ளே மனிதர்களும் இறந்திருக்கலாம், அவருக்கே உறுதியாகத் தெரியவில்லை. கவுன்சில் அதற்காக அவர் தலையை எடுக்கவில்லை. 2005-ல் வந்த 'டெட் பீட்'டில் இன்னும் வேடிக்கை. சிகாகோ ஃபீல்ட் மியூசியத்தில் நிஜமாகவே நிற்கும் 'சூ' என்ற டைனோசர் எலும்புக்கூட்டை எழுப்பி அதன்மேல் சவாரி செய்கிறார்! ஐந்தாம் சட்டம் மனிதப் பிணங்களுக்குத்தானே? சட்டத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதில் ஹாரியை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் இந்தச் சண்டையை வேடிக்கையாக இல்லாமல் ஆக்கியவள் மாலி. 2006-ல் வந்த 'புரூவன் கில்டி'யில், போதைக்கு அடிமையான இரண்டு நண்பர்களைக் காப்பாற்ற அவர்கள் மனதுக்குள் பயத்தை விதைக்கிறாள் இந்தச் சின்னப் பெண். நோக்கம் நல்லது. சட்டப்படி தண்டனை மரணம். அவளை விட்டுவிட வேண்டும் என்று வாதாடுபவர்கள் நிறைய. நானும் முதலில் அந்தக் கட்சிதான். ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. நண்பனின் கம்ப்யூட்டரைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரியை மாற்றியவர்களுக்குத் தெரியும், வேறு எங்கோ நாலு புரோகிராம் ஓடாமல் நிற்கும். மாலியின் நண்பர்களுக்கும் அதுதான் நடந்தது. மனம் சிதைந்தது. ரெஜிஸ்ட்ரிக்காவது பேக்அப் உண்டு.

என் கணிப்பு இது: கவுன்சில் முதலில் கண்டது சேதத்தை. அதைத் தடுக்க எழுதியது ஏழு வரி. கோடிங் ரூல்ஸ் எழுதுபவர்கள் எல்லோரும் செய்வதுதான். சில தப்புகள் வரிக்கு வெளியே தப்பிவிடும், சில பாவப்பட்டவர்கள் உள்ளே மாட்டுவார்கள். மாலிக்காக ஹாரி தன் தலையையே ஜாமீன் வைக்கிறார். அவள் மறுபடி தவறினால் இரண்டு தலையும் போகும். பதினாறு வயதில் தன்னைக் கொல்ல வந்த குருவை மந்திரத்தால் கொன்றுவிட்டு, இதே சபைமுன் நின்றவர் அவர்.

2007-ல் வந்த டிவி தொடர் 12 எபிசோடுகளோடு நின்றுபோனது. பீட்டிலுக்குப் பதில் ஜீப் ஓட்டியதை ரசிகர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. நாவல்கள் இ-புக்காகவும் கிடைக்கின்றன. ஹாரி மட்டும் அச்சில்தான் படிக்க வேண்டும்.