ஜிசிசி ஏன் மூன்று முறை பிறக்கிறது?

ஜிசிசி கம்பைலரை மூலநிரலிலிருந்து உருவாக்கினால், வழக்கமாக அது மூன்று சுற்றாக உருவாகும். கணினியில் ஏற்கெனவே உள்ள கம்பைலர் முதல் ஜிசிசியை உருவாக்கும். அது இரண்டாவதை, இரண்டாவது மூன்றாவதை. எதற்கு இந்தச் சுற்று? ஒரே நிரலிலிருந்து வந்த கடைசி இரண்டின் ஆப்ஜெக்ட் கோப்புகளும் ஒத்திருக்க வேண்டும். பிசகினால் ஒப்பீட்டுப் பிழை. பழைய கம்பைலரின் கோளாறோ, சில சமயம் பழுதான ரேமோ காரணமாகலாம்.

பலர் அந்த ஒப்பீடு வரை போவதேயில்லை. ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற கணித நூலகங்கள் இல்லாவிட்டால் உருவாக்கம் தொடக்கத்திலேயே நின்றுவிடும். நினைவகம் போதாவிட்டால் லினக்ஸே கம்பைலரைக் கொன்றுவிடும்.

உருவாக்கம் பிழையோடு நின்றால், திரையின் கடைசி வரியை நம்பாதீர்கள். அது வெறும் புலம்பல். பல வேலைகள் ஒன்றாக ஓடினால் உண்மையான பிழை எங்கோ மேலே புதைந்திருக்கும். ஒற்றை வேலையாக மறுபடி ஓட்டினால் கீழேயே அகப்படும்.