விரிதாளில் பெயர் பிரித்தல்

விரிதாளில் பெயர் பிரித்தல் என்பது, ஒரே கலத்தில் சேர்த்து எழுதப்பட்ட முழுப்பெயரைப் பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனி நெடுவரிசைகளில் இடும் செயற்பாடு ஆகும். பெயர்ப்பட்டியலைக் குடும்பப் பெயரின்படி அகரவரிசைப்படுத்தவும், படிவங்கள் கேட்கும் அமைப்பில் தரவுகளை அளிக்கவும் இது பயன்படுகிறது. விரிதாள் மென்பொருள் இடைவெளி, காற்புள்ளி முதலிய குறிகளைக் கொண்டே பெயரைப் பிரிக்கிறது. பிரிந்த பகுதிகளுள் எது இயற்பெயர், எது குடும்பப் பெயர் என்பதைப் பயனரே முடிவுசெய்ய வேண்டும்.

முறைகள்

1. பிரிப்பான் கொண்டு பிரித்தல்: மைக்ரோசாப்ட் எக்செல், லிப்ரெஆபிஸ் கால்க் ஆகியவற்றின் தரவுப் பட்டியில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' என்னும் கட்டளை உள்ளது. பெயர்கள் உள்ள நெடுவரிசையைத் தெரிவுசெய்து, இக்கட்டளையில் இடைவெளியைப் பிரிப்பானாகக் குறிப்பிட்டால் ஒவ்வொரு சொல்லும் ஒரு நெடுவரிசையில் அமையும். வலப்புற நெடுவரிசைகள் வெறுமையாக இருத்தல் வேண்டும். இல்லையெனில் அங்குள்ள தரவுகள் அழிந்துவிடக்கூடும். கூகுள் ஷீட்சில் 'ஸ்பிளிட்' என்னும் சார்பு இதே பணியைச் செய்கிறது.

2. வாய்பாடு கொண்டு பிரித்தல்: ஏ2 கலத்தில் "ஆலன் டூரிங்" என்று இருப்பதாகக் கொள்வோம். சார்புகளும் கலப்பெயர்களும் மென்பொருளில் ஆங்கில எழுத்துகளில் உள்ளிடப்படும்.

முதற்சொல்: =லெஃப்ட்(ஏ2, ஃபைண்ட்(" ", ஏ2) - 1)
எஞ்சிய பகுதி: =ரைட்(ஏ2, லென்(ஏ2) - ஃபைண்ட்(" ", ஏ2))

'ஃபைண்ட்' முதல் இடைவெளியின் இடத்தைக் காண்கிறது. 'லெஃப்ட்' அதற்கு முன்னுள்ளதையும், 'ரைட்' பின்னுள்ளதையும் தருகின்றன. பெயரில் இடைவெளியே இல்லையெனில் பிழைச்செய்தி தோன்றும். மிகையான இடைவெளிகளை 'டிரிம்' சார்பினால் முன்னரே நீக்குதல் நன்று.

3. பிற வசதிகள்: எக்செல் 2013 பதிப்பில் அறிமுகமான 'ஃபிளாஷ் ஃபில்', பயனர் தரும் ஓரிரு எடுத்துக்காட்டுகளைக் கொண்டு எஞ்சியவற்றை நிரப்புகிறது. 2022 இல் மைக்ரோசாப்ட் 365 எக்செலில் 'டெக்ஸ்ட்ஸ்பிளிட்' என்னும் சார்பு சேர்க்கப்பட்டது.

தமிழ் எழுத்துகளை எண்ணுதல்

ஒருங்குறியில் தமிழ் உயிர்மெய் எழுத்துகள் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட குறிகளால் ஆனவை. "ஆலன்" என்பது எழுத்துக் கணக்கில் மூன்று. விரிதாளின் கணக்கில் நான்கு (ஆ, ல, ன, புள்ளி). இடைவெளியைத் தேடிப் பிரிக்கையில் இதனால் சிக்கல் எழுவதில்லை. ஆனால் "கோவிந்தன்" என்ற பெயரிலிருந்து தலைப்பெழுத்தைப் பெற 'லெஃப்ட்' சார்பில் 1 என இட்டால், "கோ" என்பதற்குப் பதிலாக "க" மட்டுமே கிடைக்கும்.

பெயர் மரபுகளால் எழும் சிக்கல்கள்

முதற்சொல் இயற்பெயர், இறுதிச்சொல் குடும்பப் பெயர் என்னும் விதி எல்லா மரபுகளுக்கும் பொருந்தாது.

* மாவோ சேதுங் என்னும் சீனப் பெயரில் மாவோ என்பதே குடும்பப் பெயர்.
* கபிரியேல் கார்சியா மார்க்கேசு என்னும் எசுப்பானியப் பெயரில் கார்சியா தந்தைவழிப் பெயர், மார்க்கேசு தாய்வழிப் பெயர். இரண்டும் சேர்ந்ததே குடும்பப் பெயர்.
* வின்சென்ட் வான் கோ என்பதில் "வான் கோ" முழுதும் குடும்பப் பெயர்.

தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரோ அதன் தலைப்பெழுத்தோ முன்னால் வரும். 1983 இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரை மேற்கண்ட விதிப்படி பிரித்தால், இயற்பெயருக்குரிய நெடுவரிசையில் அவருடைய தந்தையின் பெயர் அமைந்துவிடும். அவருடைய சிற்றப்பாவும் 1930 இல் நோபல் பரிசு பெற்றவருமான ச. வெ. இராமனின் இயற்பெயர் வெங்கடராமன். அப்பெயரே இரண்டாகப் பிரிந்து, அதன் பிற்பாதி உலகெங்கும் குடும்பப் பெயர்போல் வழங்கலாயிற்று.

இத்தகைய பிழைகள் பட்டியலோடு நின்றுவிடுவதில்லை. ஒருவருடைய சான்றிதழ், பயணச்சீட்டு, கடவுச்சீட்டு ஆகியவற்றில் பெயர் வெவ்வேறாகப் பிரிந்திருந்தால், மூன்றும் ஒருவருடையவையே என்று மெய்ப்பிக்கும் சுமை அவர்மீது விழுகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் கொண்ட பயணிகளை வருகையாளர் நுழைவிசைவில் ஏற்பதில்லை என அறிவித்தபோது, குடும்பப் பெயருக்குரிய இடம் வெறுமையாக இருந்த இந்தியர்கள் பாதிக்கப்பட்டனர்.

கவனிக்க வேண்டியவை

* மூல நெடுவரிசையை அழிக்காமல் வைத்திருத்தல் வேண்டும்.
* பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பெயரிலும் உள்ள இடைவெளிகளை எண்ணுதல் நன்று: =லென்(ஏ2) - லென்(சப்ஸ்டிடியூட்(ஏ2, " ", "")). விடை 1 அல்லாத பெயர்களைத் தனியே சரிபார்க்க வேண்டும்.
* விடை 1 ஆக இருப்பினும், தமிழ்ப் பெயராயின் முதற்சொல் தந்தையின் பெயரா என்று பார்க்க வேண்டும். ஐயமிருப்பின் பெயருக்கு உரியவரிடமே கேட்டறிதல் சிறந்தது.
* தேவை இல்லாதவிடத்து, முழுப்பெயரைப் பிரிக்காமல் ஒரே நெடுவரிசையில் வைத்திருக்கலாம்.

இவற்றையும் பார்க்கவும்

* விரிதாள்
* ஒருங்குறி
* தமிழர் பெயரிடல் மரபு