நம்பிக் கொடுத்த விவரம்

முறுக்கும் அதிரசமும் செய்து, சொந்த அகப்பக்கத்தின் வழி விற்கும் குடும்பத்தினரே! வாங்குவோர் தம் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை உங்களை நம்பித் தருகின்றனர். அவற்றை என்ன செய்வீர்கள் என்று எழுத்தில் தெரிவிப்பதே தனியுரிமை அறிக்கை.

மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. அச்சட்டப்படி இவ்வறிக்கை தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருத்தல் வேண்டும். தமிழிலும் சேர்த்தால் நம் பாட்டிமாருக்கும் புரியும்.

வேறொரு கடையின் அறிக்கையைப் பார்த்து எழுதாதீர்கள். செய்யாததைச் செய்வதாக வாக்களித்தவர் ஆவீர்கள். முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த விவரத்தை வாங்குகிறோம்? எதற்காக? பொட்டலம் கொண்டு செல்பவர் போன்ற யாருக்குத் தருகிறோம்? எது கட்டாயம், எது அவரவர் விருப்பம்? தம் விவரத்தைப் பார்க்கவும் திருத்தவும் வாடிக்கையாளர் யாரைக் கேட்க வேண்டும்? இவற்றுக்கான விடைகளை எளிய நடையில் எழுதினால் அறிக்கையின் பெரும்பகுதி முடிந்துவிடும்.

எழுதும்போதே வேண்டாதது எது என்பதும் தெரிந்துவிடும். முறுக்கு அனுப்ப அடையாள அட்டை எண் எதற்கு? கேட்காதீர்கள். வரிக் கணக்குக்கும் தேவைப்படாத பழைய விவரங்களை அழித்துவிடுங்கள்.

சட்டத்தின் கோட்பாடுகளை மீறுவோருக்கான உச்ச அபராதத்தை 2024ஆம் ஆண்டுத் திருத்தம் 3 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தியுள்ளது. அபராதத்தைக் கட்டி முடித்துவிடலாம். வெளியே போன தொலைபேசி எண்ணையோ முகவரியையோ திரும்பப் பெற முடியாது. அண்டை வீட்டார் கொடுத்து வைத்த சாவியைப் போல் அதைக் காப்பது நம் கடமை.